சிநேகிதியின் படப்புத்தகம் தை மாதம் வருகிறது, நான் என்ன பேச?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டவர் ஒரு முன்பள்ளி ஆசிரியை, சிறுவர் கதையும் எழுதுகிறவர். அவரோடு சேர்ந்து எழுதத் தொடங்கிய சிநேகிதியின் முதலாவது படப்புத்தகம் தை மாதம் யாழ்ப்பாணத்தில் வெளியாகிறது. 24 பக்கம், முழுக்க வர்ணம். ஒரு சின்னப் பெட்டை அம்மம்மாவோடு சேர்ந்து பனங்கொட்டைப் பாத்தி போட்டுவிட்டுக் கிழங்குக்குக் காத்திருக்கிற கதை. விழாவில் மதிப்பீட்டுரை இவருக்கு. "என்ன பேசுவதென்று தெரியவில்லை அண்ணா, பேசுவதைத் தவிர வேறென்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் எரிச்சலும் இருக்கிறது, என்னுடைய கதை மூன்று வருடமாக லாச்சிக்குள் கிடக்கிறது" என்று எழுதியிருந்தார். அச்சுக்குப் போன பக்கங்களையும் சிநேகிதியிடம் கேட்டு எனக்கு அனுப்பியிருந்தார். பதில் நீளமாகப் போகும், தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

தங்கச்சி, எரிச்சலை முதலில் முடித்துவிடுவோம். அது எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது, இப்போதும் வருகிறது. அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டே போய் நல்ல உரை செய்யலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு கணக்கையும் பாருங்கள். நம்முடைய ஊர்ப் புத்தகக் கடையில் தமிழ்ப் படப்புத்தகம் எங்கே இருக்கிறது? அப்பியாசக் கொப்பிக்கும் தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுப்புக்கும் நடுவில் நாலைந்து சொருகிக் கிடக்கும், முதுகுகூடத் தெரியாது. நாலைந்துக்கு எந்தக் கடைக்காரரும் தனித் தட்டு ஒதுக்கமாட்டார், இருபது இருந்தால் ஒதுக்குவார். சிநேகிதியின் புத்தகம் விற்றால்தான் உங்களுடையதை அவர் கையில் வாங்கிப் பார்ப்பார். அதோடு, செம்மண்ணின் நிறம் செங்கல் நிறமாகப் போகாமல் எப்படி எடுப்பது என்று அச்சகத்தில் நின்று அவர் பட்ட பாடெல்லாம் உங்கள் புத்தகத்துக்குச் சும்மா வந்து சேரப் போகிறது. வேண்டுமென்றால் சுயநலத்தோடேயே கொண்டாடுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை.

இனி விழா. நூல் வெளியீட்டு விழாவின் நிகழ்ச்சிநிரல் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை இரண்டோ மூன்றோ, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதிகள், மதிப்பீட்டுரை, ஏற்புரை, நன்றியுரை. மூன்று மணி என்று அழைப்பிதழில் போட்டால் மூன்றரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியும். கவிதைத் தொகுதிக்கோ ஆய்வு நூலுக்கோ இது சரி, வருகிறவர்கள் அதற்கென்றே வருகிறவர்கள். நாலு வயதுப் பிள்ளைக்குச் செய்த புத்தகத்துக்கும் அதே நிரலை ஏன் தூக்கிப் போடுகிறோம் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு சிறுவர் நூல் வெளியீட்டுக்குப் போயிருந்தேன், யாருடையது, எந்த மண்டபம் என்பதெல்லாம் வேண்டாம். முன் இரண்டு வரிசையும் வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து இருத்தியிருந்தார்கள். மேடையில் மேசை, மேசையில் பட்டுத்துணி, அதற்கு மேலே ரிபன் கட்டின புத்தகங்கள். மூன்றாவது வாழ்த்துரை போய்க்கொண்டிருந்தபோது ஒரு பொடியன், ஆறு வயதிருக்கும், மெல்ல எழும்பிப் படியில் ஏறிப் போய் ரிபனை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மேலே கிடந்த புத்தகத்தின் அட்டையைத் திறந்தான். ஒரு படம் பார்த்திருப்பான், அவ்வளவுதான். அதற்குள் ஒருவர் ஓடிவந்து காதைப் பிடித்து இறக்கினார், "முதற்பிரதி குடுக்க முதல் தொடக்கூடாது" என்று. அன்றைக்கு அந்த மண்டபத்துக்குள் புத்தகம் பார்க்க வேண்டுமென்று எழும்பிய ஒரே ஆள் அவன். வாழ்த்துரைக்காரர் ஒரு சொல்லைக்கூட விடாமல் பேசி முடித்தார்.

ஆகவே என் முதல் யோசனை, சிநேகிதியோடு இப்போதே கதைத்து நிரலை மாற்றுங்கள். முழுவதையும் கவிழ்க்கத் தேவையில்லை. விளக்கை ஏற்றுங்கள், அகவணக்கம் செய்யுங்கள், உடனே புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு வாசியுங்கள். வாழ்த்து, ஆசி எல்லாம் அதற்குப் பிறகு, பிள்ளைகள் வெளியே போய் விளையாடுகிற நேரத்தில் பெரியவர்கள் ஆற அமரப் பேசலாம். முதற்பிரதியையும் பிள்ளைக்கே கொடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வடிவான யோசனைதான், ஆனால் நான் அதை வற்புறுத்தமாட்டேன். முதற்பிரதி வாங்குகிற பெரிய மனிதர் கொடுக்கிற உறையில்தான் அச்சகத்துக் கடன் ஒரு பகுதி அடைபடும் என்பது நமக்கெல்லாம் தெரியும். அவர் முதற்பிரதியை வாங்கட்டும், கழுத்தில் மாலையும் விழட்டும். அவர் கைக்குப் போகிற புத்தகம் ஏற்கெனவே பிள்ளைகள் பார்த்து முடித்த புத்தகமாக இருந்தால் போதும்.

இடமும் யோசிக்க வேண்டியது. வீரசிங்கம் மண்டபம் மாதிரிப் பெரிய இடத்தில் ஒரு படப்புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் நாலாவது வரிசைக்கு அது தபால் முத்திரை. ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலையே போதும், பாயை விரித்துப் பிள்ளைகளை இருத்தலாம். நீங்கள் கதிரையில் இருந்து, புத்தகத்தை உங்கள் தோளுக்குப் பக்கத்தில், பக்கங்கள் பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரிப் பிடியுங்கள். முன்பள்ளி ரீச்சருக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை, ஆனால் மேடை என்றவுடன் எல்லோரும் ஒலிவாங்கிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம், அதற்காகச் சொல்கிறேன். இந்தக் கதையில் மொத்தம் முந்நூறு சொல் வராது. நிறுத்தி நிறுத்தி வாசித்தாலும் ஆறேழு நிமிடம்தான்.

சரி, மதிப்பீட்டுரை.

நம்முடைய மதிப்பீட்டுரைகளில் இரண்டு பழக்கம் இருக்கிறது. ஒன்று, கதையை முழுக்கச் சொல்வது. வாசித்தாயிற்று, ஆகவே அது தேவையில்லை. மற்றது, "இந்நூல் சிறார்களுக்குப் பொறுமையின் மேன்மையைப் போதிக்கின்றது" என்று முடிப்பது. தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். அந்தப் பெட்டை பொறுமையாக இருக்கவேயில்லை! மூன்று தரம் மண்ணைக் கிளறுகிறாள், ஒரு தரம் கோழியின் மேல் பழியைப் போடுகிறாள். கதையின் சுவையே அவளுடைய அவசரம்தான்.

படிப்பினை தேடுகிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்கென்று அச்சான ஆரம்ப காலப் புத்தகங்கள் பெரும்பாலும் பாடப் புத்தகங்கள். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் 1834இல் வந்தது, 1849இல் ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் வைத்தார், அதிலிருந்து பாலபாடங்கள் வந்தன. பிள்ளை புத்தகம் எடுத்தால் எழுத்தும் ஒழுக்கமும் படிக்கத்தான் என்று ஊறிப்போய்விட்டது. நாவலரைக் குறைசொல்லவில்லை, அந்தக் காலத்துத் தேவை அது. ஆனால் நவாலியூர் சோமசுந்தரப் புலவரைப் பாருங்கள், தங்கத் தாத்தா என்று சும்மா பெயர் வரவில்லை. ஆடிப்பிறப்புப் பாட்டில் அவர் எந்தப் பிள்ளைக்கும் புத்தி சொல்லவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, கூழ் கிடைக்கும், கொழுக்கட்டை கிடைக்கும், அதற்குப் பயறு வறுப்பதும் மா இடிப்பதும் எப்படி என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகிறார். அவர் 1953இல் காலமானார், இன்றைக்கும் ஆடி முதலாம் திகதி வந்தால் அறுபது வயதுக்காரரும் அந்தப் பாட்டை முணுமுணுக்கிறார். உங்கள் சிநேகிதியின் புத்தகம் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். பாத்தியும் கொட்டையும் கிழங்கும் கொட்டைக்குள் இருக்கிற பூரானும் அதற்குள் அப்படியே இருக்கின்றன.

பேச வேண்டியது பக்கங்களைப் பற்றி. நான் கவனித்ததைச் சொல்கிறேன், நீங்கள் உங்கள் கண்ணால் இன்னும் பாருங்கள்.

12, 13ஆம் பக்கங்களில் எழுத்தே இல்லை. மேலே ஒரு கீற்று ஆகாயம், பாத்திக்கு மேலே குந்தியிருக்கிற பெட்டையின் கால்விரல்கள், மிச்சம் முழுக்க மண். மண்ணுக்குள் கொட்டைகளிலிருந்து முளைகள் கீழே இறங்குகின்றன. இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, படம் சரி. பனங்கிழங்கு கொட்டையிலிருந்து கீழ்நோக்கித்தான் போகும், அதனால்தான் மண்ணைக் குவித்து உயர்த்திப் பாத்தி போட்டு மேலே கொட்டையை அடுக்குகிறோம். இது தெரியாமல் கிழங்கை மேல்நோக்கி வரைந்த படங்களைப் பார்த்திருக்கிறேன். என்னுடைய பழைய கதை ஒன்றுக்குப் படம் போட்டவர் பனையடியில் நடக்கிற கதைக்குத் தென்னை ஓலையை வரைந்து அனுப்பினார், கேட்டால் "மரம்தானே" என்றார். இந்தப் புத்தகத்துக்கு வரைந்த பிள்ளை, மருதனார்மடத்தில் சித்திரம் படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள், பாத்தியைக் கிண்டிப் பார்த்துவிட்டுத்தான் வரைந்திருக்க வேண்டும். இரண்டாவது, 24 பக்கப் புத்தகத்தை நடுவில் மடித்துக் கம்பி அடித்தால் 12உம் 13உம்தான் சரி நடுப்பக்கம், இரண்டும் ஒரே தாள். மற்ற எந்த விரிப்பிலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறு இடத்தில் அச்சாகி வந்து சேர்கின்றன, ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் படம் நடுவில் வெட்டுப்படும். நடுப்பக்கத்தில் அந்தப் பயம் இல்லை. முழு மண்ணையும் ஓடவிடுகிற ஒரே படத்தை அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால் எழுதினவரும் வரைந்தவரும் அச்சகக்காரரும் ஒன்றாக இருந்து யோசித்திருக்கிறார்கள். இதை மேடையில் சொல்லுங்கள். சபைக்கு விளங்கும், ஓவியருக்குக் கண் கலங்கும்.

அதே பக்கத்தில் எழுத்து வைக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், இது எங்களைப் போன்றவர்கள் காசு கொடுத்துப் படித்த பாடம். கடும் நிற மண்ணுக்கு மேலே வெள்ளை எழுத்து வைத்தால், அது வர்ண அச்சின் நாலு மையையும் தவிர்த்துத் தாளின் வெள்ளையாகத்தான் வரவேண்டும். மைக்கு ஒன்றாக இருக்கிற நாலு பிளேட்டில், அதாவது அச்சுத் தகட்டில், ஒன்று சற்று விலகினாலும் சின்ன வெள்ளைப் பகுதிகளுக்குள் மை போய்விடும். இங்கிலீஷ் எழுத்து கொஞ்சம் மெலிவாகத் தெரியும், அவ்வளவுதான். தமிழுக்குப் புள்ளி போய்விடும். "மண்" என்று எழுதினது "மண" என்று நிற்கும், வாசிக்கப் பழகுகிற பிள்ளை அப்படியே வாசிக்கும். இந்தப் புத்தகத்தில் எழுத்தெல்லாம் வெளிர் ஆகாயத்தின் மேல், தனிக் கறுப்பில், பெரிதாக இருக்கிறது. சொற்களை வரிக் கடைசியில் உடைக்கவும் இல்லை. பார்த்துப் பார்த்துச் செய்த வேலை.

அடுத்தது 19ஆம் பக்கம். வலப்பக்கம், இரண்டு கைகள் கொட்டையைப் பிடித்து இழுக்கின்றன, "இழுத்தாள், இழுத்தாள்" என்று மட்டும் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டினால்தான் கிழங்கு. ஒற்றைப்படைப் பக்கத்தில் முடிச்சைப் போட்டு இரட்டைப்படைப் பக்கத்தில் அவிழ்ப்பது படப்புத்தகக்காரர்களின் அடிப்படைத் தொழில்தான், ஆனால் 20, 21இல் கிழங்கை நெடுக்காக வரைந்திருக்கிறார்கள் பாருங்கள், புத்தகத்தையே நிமிர்த்திப் பிடித்தால்தான் முழுக் கிழங்கையும் பார்க்கலாம். பிள்ளை தன் கையால் புத்தகத்தைத் திருப்பும், திருப்பும்போது கிழங்கை இழுத்தெடுத்தது அதுவே என்று ஆகிவிடுகிறது. வாசிக்கும்போது இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். 19இல் நிறுத்துங்கள், பிள்ளைகள் கத்தட்டும், பிறகு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் புரட்டச் சொல்லுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் சபையில் யாரோ ஒரு தமிழ் ஆசிரியர் கட்டாயம் எழும்புவார். புத்தகத்தில் "அம்மம்மா சொன்னா" என்று இருக்கிறது. "சொன்னாள்" என்றால் மரியாதை இல்லை, நம் வீட்டில் எந்தப் பிள்ளையும் அம்மம்மாவை அப்படிச் சொல்லாது. "சொன்னார்" என்றால் எழுத்துத் தமிழுக்குச் சரி, ஆனால் பிள்ளையின் காதில் அது அம்மம்மாவாக விழாது, அதிபராகத்தான் விழும். "சொன்னா, வந்தா, தந்தா" என்ற மரியாதை யாழ்ப்பாணத்துப் பேச்சில் அப்படி வாழ்கிறது, எழுத்தில்தான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கதைசொல்லி பேசுகிற இடத்தில் எழுத்துத் தமிழ், அம்மம்மா வருகிற வினையில் மட்டும் வீட்டுத் தமிழ் என்று உங்கள் சிநேகிதி ஒரு முடிவெடுத்து 24 பக்கமும் மாறாமல் வைத்திருக்கிறார். ஒப்புநோக்கினவர் ஒருவராவது சிவப்புப் பேனையால் சுழித்திருப்பார், இவர் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இதில் முழுச் சம்மதம் என்று சொல்லமாட்டேன், கனடாவில் தமிழ் படிக்கிற பிள்ளைக்கு இரண்டு வடிவமும் கலந்து வந்தால் தடுமாறும் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. ஆனாலும் தெரிந்து செய்த தெரிவு என்பதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவர் எழும்பினாலும் கேள்வி வேறு மாதிரி இருக்கும்.

ஓவியரை மறந்துவிடாதீர்கள். நம்முடைய அழைப்பிதழ்களில் எழுத்தாளர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், ஓவியர் பெயர் இருக்காது. நன்றியுரையில் ஒலிபெருக்கிக்காரருக்கும் தேநீர் தந்தவருக்கும் நடுவில் வந்துபோகும். படப்புத்தகத்தில் பாதிக் கதையை அவர்தான் சொல்கிறார். இந்தக் கதையில் கோழி எழுத்தில் ஓரிடத்தில்தான் வருகிறது, படத்தில் பெரும்பாலான பக்கங்களில் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் பூரானைக் கொத்துகிறது. அது ஓவியர் கண்டுபிடித்த கதை. மேடையில் இரண்டு கதிரை போட்டு இரண்டு பேரையும் இருத்துங்கள், பொன்னாடை போர்த்தினால் இரண்டு பேருக்கும் போர்த்துங்கள்.

17ஆம் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது, நீங்களும் கண்டிருப்பீர்கள். விழாவில் அதைத் தொடாதீர்கள். நடுநிலை காட்ட வேண்டும் என்று கடைசியில் ஒரு பிழையைத் தூக்கிப் பிடிக்கிற வழக்கம் மதிப்பீட்டுரைக்காரர்களிடம் இருக்கிறது, அச்சாகி முடிந்த புத்தகத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இரண்டு கிழமை கழித்து வீட்டுக்குப் போய், இரண்டாம் பதிப்புக்கு என்று ஒரு துண்டில் குறித்துக் கொடுங்கள். நீங்கள் அவருடைய சிநேகிதி என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், மறைத்து வைத்து நடுநிலையாளர் வேஷம் போட யாழ்ப்பாணம் அவ்வளவு பெரிய ஊரில்லை.

பிழை என்றவுடன் என் கதை ஒன்று. என்னுடைய முதற் படப்புத்தகம் ஒரு நாயைப் பற்றியது. அட்டையிலேயே நாய், வாலை நீட்டிக்கொண்டு. படத்தை விளிம்புவரை ஓடவிட்டால் வெட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீற்றராவது கூடுதலாக வைக்க வேண்டும், முக்கியமானதை விளிம்புக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. அது எனக்கும் தெரியாது, அச்சகத்தில் யாரும் சொல்லவும் இல்லை. புத்தகம் வந்தபோது 7ஆம் பக்கத்தில் நாய்க்கு வால் இல்லை. வெட்டுக் கத்தி கொண்டுபோய்விட்டது. 500 பிரதியும் அப்படித்தான். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. விழாவுக்கு வந்த மூத்த எழுத்தாளர் ஒருவர், அவரும் சிறுவர் கதை எழுதுகிறவர், பேசச் சொன்னதற்குப் பேசாமல் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு வாசித்தார். 7ஆம் பக்கம் வந்ததும் ஒரு பிள்ளை கேட்டது, "நாயின்ரை வால் எங்கை?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அது ஓடுற கெதியிலை வால் அடுத்த பக்கத்துக்குப் போட்டுது" என்றார். எல்லாப் பிள்ளைகளும் அடுத்த பக்கத்தைப் பார்க்க முண்டியடித்தார்கள். 8ஆம் பக்கத்தில் நாய் முழுசாக, வாலோடு நின்றது. போகும்போது பத்துப் பிரதி காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். அவருடைய உரையைப் பற்றி நான் இப்போதும் கதைக்கிறேன், அன்று மற்றவர்கள் பேசினதில் ஒரு சொல்லும் ஞாபகமில்லை.

காசு என்று வந்துவிட்டதால் அதையும் சொல்கிறேன். வர்ண அச்சில் அச்சுத் தாளின் ஒவ்வொரு முகத்துக்கும் நாலு பிளேட், 300 பிரதி அடித்தாலும் 3,000 அடித்தாலும் பிளேட்டுக்கு அதே செலவு. நம்முடைய தமிழ்ப் புத்தகங்கள் சில நூறுதான் அச்சாகின்றன, அதனால்தான் ஒல்லிப் புத்தகத்துக்கு அந்த விலை. கடதாசி விலை 2022இல் ஏறிய ஏற்றம் உங்களுக்கு நினைவிருக்கும், கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். இந்த நிலையில் சக எழுத்தாளர் என்று அன்பளிப்புப் பிரதிக்குக் கை நீட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். நீங்கள் வாங்குங்கள், ஒன்று வீட்டுக்கு, ஒன்று உங்கள் முன்பள்ளிக்கு. விலை கூட என்று யாராவது முணுமுணுத்தால் சண்டை பிடிக்காமல் பிளேட் கணக்கைச் சொல்லுங்கள், ரோல்ஸ் இரண்டும் தேநீரும் என்ன விலை என்று அவர்களே கணக்குப் பார்ப்பார்கள்.

நாங்கள் வளர்ந்த காலத்தை நினைத்தால் இதெல்லாம் பெரிய சண்டையே இல்லை. எண்பதுகளில் எங்கள் கைக்கு வந்த வர்ணப் படப்புத்தகம் என்றால் மொஸ்கோவில் அச்சாகித் தமிழில் வந்தவைதான், பனியும் கரடியும் கம்பளித் தொப்பியும். கரடியை நான் பனங்கூடலுக்குள் தேடியிருக்கிறேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போன 97,000 அளவிலான நூல்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஏட்டுச்சுவடியைத்தான் சொல்வார்கள், சரிதான், ஆனால் அங்கே சிறுவர் பகுதி ஒன்றும் இருந்தது. பிறகு தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, பத்திரிகையே கொப்பித் தாளில் வந்தது, வர்ணப் படப்புத்தகம் என்று வாய் திறந்தால் சிரித்திருப்பார்கள். பனம்பாத்தி வர்ணத்தில் அச்சாகிறது என்று உங்கள் கடிதத்தில் பார்த்தபோது நான் ஏன் இவ்வளவு நீளமாக எழுதத் தொடங்கினேன் என்பதற்கு இதுதான் காரணம்.

முகநூலில் போடுவது பற்றி. அட்டையைப் போடுங்கள், உள்ளே ஒரு விரிப்பைப் போடுங்கள், அதுவும் அவரிடமும் ஓவியரிடமும் கேட்டுவிட்டு. 24 பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அன்பில் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுநாள் அது யாருடையதோ வட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப்பாக ஓடும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை எழுத்தாளரின் ஆயுளுக்குப் பிறகும் 70 வருடம் இருக்கிறது, படத்துக்கும் அப்படியே. சட்டத்தைக் காட்டி யாரையும் வெருட்டச் சொல்லவில்லை, நீங்கள் முதல் ஆளாக அதைச் செய்யாமல் இருந்தால் போதும். கட்டாயம் 20, 21ஐப் போடாதீர்கள், கிழங்கு பிள்ளைகளுக்கு.

எழுதும்போது "அருமை, வாழ்த்துகள் தோழி" என்று விடாமல் ஒரு பக்கத்தைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். கோழியைப் பற்றி எழுதலாம். உங்கள் முன்பள்ளியில் வாசித்தபோது எந்தப் பிள்ளை என்ன கேட்டது என்று எழுதுங்கள், பெயர் போடாமல். அந்த நாலு வரிக்குத்தான் தாய்மார் கடைக்குப் போவார்கள்.

விழா முடிந்து மூன்று மாதத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றி யாரும் கதைக்கமாட்டார்கள், கட்டுகள் கட்டிலுக்குக் கீழே போய்விடும். எழுத்தாளருக்குச் சிநேகிதி தேவைப்படுவது அப்போதுதான். உங்கள் பிரதேச சபை நூலகத்துக்குப் போய் இந்தப் புத்தகம் வேண்டும் என்று வாசகராகக் கேளுங்கள், எழுத்தாளரே போய்க் கேட்டால் அவருக்கு வெட்கமாக இருக்கும், நீங்கள் கேட்டால் அது கோரிக்கை. இரண்டு மூன்று பேர் கேட்டால் அடுத்த கொள்வனவுப் பட்டியலில் ஏற வாய்ப்பு இருக்கிறது. பக்கத்து முன்பள்ளிகளில் மாறி மாறி வாசியுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் திரும்பிப் போகிற பெட்டியில், மிளகாய்த்தூளுக்கும் புழுக்கொடியலுக்கும் பக்கத்தில் இரண்டு புத்தகம் வைத்துவிடலாம், தபால் செலவு மிச்சம். மிளகாய்த்தூளை மட்டும் இரண்டு பையில் கட்டச் சொல்லுங்கள், எனக்கு அனுபவம் உண்டு.

கடைசியாக ஒன்று, இது சின்ன விஷயம்தான், ஆனால் நான் மிகவும் ஆசைப்படுகிற விஷயம். விழா தை மாதம் என்றீர்கள், கிழங்குக் காலம். பற்றிஸுக்கும் கேக்குக்கும் சொல்லிவைக்க முதல், யார் வீட்டிலாவது பாத்தி இருக்கிறதா என்று விசாரியுங்கள். கிழங்கை அவித்து, தும்பு உரித்து, துண்டு துண்டாக முறித்து ஒரு சுளகில் வைத்தால் நூறு பேருக்குக் காணும். முடிந்தால் வாசிகசாலை முற்றத்தில் ஒரு மூலையில் மண்ணைக் குவித்து, கொட்டையோடு நாலைந்து கிழங்கை இளக்கமாகப் புதைத்து வையுங்கள், வாசித்து முடிந்ததும் பிள்ளைகள் போய் இழுக்கட்டும். ஏமாற்று வேலைதான், பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும், இருந்தாலும் இழுப்பார்கள்.

எனக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள், காசு தருவேன். எழுத்தாளர், ஓவியர் இரண்டு பேருடைய கையெழுத்தும் வேண்டும். அப்புறம், லாச்சிக்குள் கிடக்கிற உங்கள் கதையைத் தட்டச்சுச் செய்து எனக்கு அனுப்புங்கள், அதே ஓவியரிடம் கேட்டுப் பார்ப்போம்.